மூன்று முறை திருப்பி அனுப்பிய லோடு

எங்கள் தொழிற்சாலையில் ஈரம் பார்க்கப் புதிய கருவி வந்திருக்கிறதாம். நீளமான கம்பி ஒன்றை லோடுக்குள் குத்தினால் ஒரு நிமிடத்தில் எண் தெரிந்துவிடுமாம். புது மேலாளர் தொலைபேசியில் சொன்னார். "பழைய ஆட்கள் ஆளுக்கு ரெண்டு பக்கம் எழுதிக் கொடுங்க மேடம், ஆண்டு மலர்ல போடலாம்" என்றும் கேட்டார். மெஷின் வந்ததில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. மூன்று மணி நேரம் ஓவன் பக்கத்தில் வெந்துகொண்டிருந்தவள் நான்தான், அந்தச் சுகம் எனக்கு நன்றாகத் தெரியும். ரெண்டு பக்கத்தில் எனக்கு முடியாது என்று அவரிடம் அப்போதே சொல்லிவிட்டேன். வெட்டுவதானால் அவர் வெட்டிக்கொள்ளட்டும்.

படப்பை தாண்டி இருக்கும் அந்தத் தொழிற்சாலையில் நான் சேர்ந்தது இரண்டாயிரத்து ஒன்றிலோ இரண்டிலோ. அதற்கு முன் குரோம்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் இருந்தேன். அது மூடப்பட்டபோது எனக்கு நாற்பது தாண்டிவிட்டது. கற்றுக்கொண்டதெல்லாம் அங்கேதான்: தராசைத் தொடுவதற்கு முன் கையைத் துடை, கண்ணால் பார்த்ததை உடனே எழுது, மறுநாள் எழுதாதே. மற்றபடி படிப்பு என்று சொல்லிக்கொள்ள ஒரு டிப்ளமோ. சிட்லபாக்கத்து வீட்டிலிருந்து கிளம்பி, தாம்பரத்தில் பஸ் பிடித்து, முடிச்சூர் வழியாகப் படப்பை போய் இறங்கும்போது புடவையின் பாதி மடிப்பு கலைந்திருக்கும்.

அங்கே செய்ததை நாங்கள் 'கட்டை' என்போம். வேர்க்கடலைத் தோல், மரத்தூள், சவுக்குச் சருகு, உமி என்று வயலிலும் தோப்பிலும் மிஞ்சுகிற எல்லாவற்றையும் அரைத்து, பிரஸ்ஸில் கொடுத்து இடித்து, உருண்டையான விறகாக்குவது. பசை எதுவும் கிடையாது, சூடும் அழுத்தமும் மட்டும்தான். சாயப் பட்டறைகளின் பாய்லருக்குப் போகும். பொத்தேரி பக்கம் மாணவர் விடுதிச் சமையல்கூடங்களுக்கும் போகும். அதுவரை சாலையோரத்தில் சும்மா கொளுத்திக்கொண்டிருந்த கடலைத் தோலுக்கு, எங்கள் கேட் திறந்த பிறகுதான் அந்தச் சுற்றுவட்டாரத்தில் மதிப்பு வந்தது.

முதலாளி கபீர் சார். தாம்பரத்தில் மரக்கடை வைத்திருந்த குடும்பம். அறுப்பு மில்லில் மலைபோலக் குவிந்த மரத்தூளைப் பார்த்துப் பார்த்து, இதை ஏதாவது செய்ய வேண்டும் என்று இந்தத் தொழிலில் இறங்கியவர். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. எல்லோரையும் 'வாங்க, போங்க'தான், லாரி கிளீனரைக்கூட. ஆனால் அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. யார் எதைச் சொன்னாலும் மெதுவாக, "எப்படித் தெரியும்?" என்று கேட்பார். "சார், பெல்ட் தேஞ்சுபோச்சு." "எப்படித் தெரியும்?" "சார், மழை வரும்." "எப்படித் தெரியும்?" குத்திக் காட்டுவதற்காகக் கேட்கமாட்டார், நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்பார். அதனால்தான் எனக்கு இன்னும் எரிச்சல் வரும். பதில் சொல்லி முடிக்கும் வரை கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அப்படியே நிற்பார்.

சேர்ந்த முதல் வருட மழைக்காலத்தில் நடந்ததைச் சொன்னால்தான் பின்னால் வருவது புரியும். ஒரு டிரைவர் வீட்டில் விசேஷம் என்று கெஞ்சினார் என்பதற்காக, ஓவனில் வைக்காமலேயே, கையில் அள்ளிப் பார்த்துவிட்டு ஒரு மரத்தூள் லோடை உள்ளே விட்டேன். ஈரத் தூள் பிரஸ்ஸுக்குள் போனால் உள்ளேயே ஆவி பிடித்துக்கொள்ளும். வெளியேற வழி இல்லாமல் முன்னால் இருக்கும் கட்டையைத் தூக்கி எறியும். அன்றைக்கு அப்படித்தான் ஆயிற்று. டமாரென்று ஒரு சத்தம். பிரஸ் ஓட்டும் அருளின் தோளை உரசிக்கொண்டு ஒரு துண்டு பறந்துபோய் எதிர்ச் சுவரில் அடித்தது. நான் ஓடிப் போய் நின்றேன். அருள் என்னைப் பார்த்து, "இன்னா மேடம், தீபாவளிக்கு இன்னும் பத்து நாள் கீதே, அதுக்குள்ள ஆரம்பிச்சிட்டீங்க?" என்றான். சொல்லிவிட்டுச் சிரித்தான். ஆனால் தண்ணீர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடித்தான்.

அன்றைக்கே நான் மாறிப்போனேன். பன்னிரண்டு சதவீதத்துக்கு மேல் ஈரம் இருந்தால் யாருடைய லோடும் உள்ளே வராது. அழுதாலும் வராது, சண்டை போட்டாலும் வராது. ஒரே ஆள் அடுத்தடுத்து மூன்று முறை ஈர லோடு கொண்டுவந்தால் பட்டியலில் அவர் பெயரை அடித்துவிடுவது என்று ஒரு விதியும் நானே கொண்டுவந்தேன். கபீர் சார் ஒப்புக்கொண்டார். கேட்டில் எனக்கு 'மாய்ஸ்சர் மேடம்' என்று பெயர் வைத்தார்கள். மரியாதையாக வைத்த பெயர் இல்லை என்று தெரிந்தும் உள்ளூர எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

நான் ஈரம் பார்த்த முறை இது. முனை சாய்வாக வெட்டிய இரும்புக் குழாயை லோடில் ஏழு இடங்களில் குத்துவேன். மேலே மட்டும் எடுத்தால் போச்சு. மேலே காய்ந்ததைப் பரப்பி நடுவில் ஈரத்தை ஒளித்துவைக்கிற கெட்டிக்காரர்கள் உண்டு. எடுத்ததையெல்லாம் தட்டில் கொட்டிக் கலந்து, நான்காகப் பிரித்து, எதிரெதிர் பங்கை எடுத்து, மறுபடி கலந்து மறுபடி பிரிப்பேன். கடைசியில் மிஞ்சுவதில் ஐம்பது கிராமைத் தகர டப்பியில் போட்டு ஓவனில் மூன்று மணி நேரம். மீதியில் ஒரு பிடியைப் பிளாஸ்டிக் உறையில் கட்டித் தேதி எழுதி ஒரு வாரம் வைத்திருப்பேன். ஓவனுக்கு முன் என்ன எடை, பின் என்ன எடை என்று பார்த்தால், குறைந்ததுதான் ஈரம். ஒவ்வொரு முறையும் வெறும் டப்பியை நிறுத்துக்கொண்டிருந்தால் நேரம் ஆகிறது என்று, எல்லா டப்பிகளையும் ஒரே நாள் உட்கார்ந்து நிறுத்து, அதனதன் எடையை அதனதன் வயிற்றில் சிவப்புப் பெயிண்டில் எழுதிவைத்தேன். நான் செய்த கெட்டிக்காரத்தனங்களிலேயே பெரியது என்று அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்து வந்த சித்திரையில் ஒரு பெரிய வாடிக்கையாளரின் ஆள் வந்து பார்த்துவிட்டு, டப்பியெல்லாம் தூசியாக இருக்கிறது என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. எங்களுக்கு டீ போடுவது, அறை பெருக்குவது எல்லாம் மேரியம்மா. அவரைக் கூப்பிட்டு, இனிமேல் மதியம் சாப்பாட்டு டம்ளர் கழுவும்போது டப்பிகளையும் சேர்த்துக் கழுவிவிட வேண்டும் என்றேன். பளபளவென்று இருக்க வேண்டும் என்றும் சொன்னேன்.

தனம் எங்களுக்குக் கடலைத் தோல் கொண்டுவந்தவள். ஒரத்தூர் போகும் வழியில் ஒரு களம், நாலு பெண்கள், ஒரு பழைய மினி லாரி. கடலை உடைக்கும் மில்லில் போய்த் தோலை அள்ளி வந்து, வெயிலில் காயவைத்து, எங்களிடம் கொண்டுவருவாள். வேறு யாரும் அந்தப் பக்கத்தில் அதை வாங்குவதில்லை. எங்கள் கேட் சாத்தினால் அவளுக்குத் தொழில் இல்லை. மரத்தூள் லோடெல்லாம் காலையில் வந்துவிடும். இவள் மட்டும் உச்சி வெயில் வரைக்கும் தோலைக் கிளறிவிட்டு, அதற்குப் பிறகு ஏற்றிக்கொண்டு இரண்டு மணிக்கு மேல்தான் வருவாள்.

மழை மாதங்களில் அவள் களம் ஓடாது. அது முடிந்து தை மாதம். பொங்கல் முடிந்த கையோடு அவள் கொண்டுவந்த லோடில் ஈரம் பதினைந்து. திருப்பி அனுப்பினேன். இரண்டு நாள் காயவைத்து அதே லோடைக் கொண்டுவந்தாள். பதினைந்தரை. "இன்னா மேடம் இது, ரெண்டு நாள் வெயில்ல போட்டு எடுத்தாந்தா ஏறுமா, எறங்குமா?" என்று கேட்டாள். எனக்கு அந்தக் கேள்வியே திமிராகப் பட்டது. மூன்றாவது முறை கொண்டுவந்தபோது பதினாறு.

மாலை ஐந்தரை மணி. கட்டை ஏற்றிப் போக வந்த லாரிகள் கேட்டில் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. நான் சீட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனேன்.

"எடை ஏத்துறதுக்காகத் தண்ணி தெளிச்சுக் கொண்டுவந்தா எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?" என்று எல்லோரும் கேட்கக் கேட்டேன். அதுவரை 'வாங்கம்மா, போங்கம்மா' என்று பேசியவள், அன்றைக்கு 'நீ'க்கு இறங்கிவிட்டேன்.

தனம் சத்தம் போடவில்லை. "நானா? தண்ணி தெளிச்சேனா?" என்றாள். பிறகு, "இதுக்கு மேல காயவெக்கணும்னா எண்ணெய்ல போட்டுப் பொரிச்சிகினுதான் வரணும் மேடம்" என்றாள். ஒரு டிரைவர் சிரித்துவிட்டான். அவள் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வண்டியில் ஏறிப் போய்விட்டாள். நான் உள்ளே வந்து பட்டியலை எடுத்து, சிவப்புப் பேனாவால் அவள் பெயரை அடித்தேன். கோடு நேராக வர வேண்டும் என்று ஸ்கேல் வைத்து அடித்தேன். அந்த ஸ்கேலை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கூசுகிறது.

மறுநாள் மதியம் கபீர் சார் வந்தார். பட்டியலைப் பார்த்திருக்கிறார்.

"தனம்மா லோடுல தண்ணி தெளிச்சாங்களா?"

"ஆமா சார்."

"எப்படித் தெரியும்?"

எனக்கு வந்த கோபத்தில் நோட்டைத் தூக்கி அவர் முன்னால் வைத்தேன். மூன்று எண்களும் என் கையெழுத்தில் இருந்தன. அவர் பார்த்தார். "நான் ஒண்ணும் தப்பு சொல்லலை வசந்தாம்மா. நீங்க எப்படிச் செய்றீங்கன்னு எனக்கு ஒருதடவை செஞ்சு காமிங்க" என்றார். பிறகு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார்.

சரி, பார்க்கட்டுமே என்று ஆரம்பித்தேன். மூன்றாவது லோடில் கட்டிவைத்திருந்த உறையை எடுத்தேன். மேரியம்மா கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த டப்பிகளில் ஒன்றைத் தராசில் வைக்கப் போனேன். எப்போதும்போல, டப்பியில் எழுதியிருந்த நாற்பதோடு ஐம்பது சேர்த்துத் தராசு தொண்ணூறு காட்டும் வரை தோலைப் போட வேண்டும், அவ்வளவுதான்.

"டப்பி எடை?"

"அதுலயே எழுதியிருக்கு சார்."

"எப்ப எழுதினது?"

"போன சித்திரைக்கு முன்னாடி."

"இப்ப வெறும் டப்பியை வைங்களேன்."

வைத்தேன். நாற்பத்து மூன்று காட்டியது.

எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி வைக்கலாம் என்று கையில் எடுத்தபோதுதான் விரலில் சில்லென்று பட்டது. அந்த டப்பிகளின் விளிம்பு உள்பக்கமாக மடிந்திருக்கும். அந்த மடிப்புக்குள் சுற்றிலும் தண்ணீர். சித்திரை வெயிலில் கழுவியவுடன் காய்ந்துவிட்டது, யாருக்கும் தெரியவில்லை. தை மாதக் குளிரில், அந்த இருட்டு அறையில் எப்படிக் காயும்? காலையில் வந்த லோடுகளுக்கு முந்தைய நாள் கழுவிய டப்பி, ராத்திரி முழுக்கக் காய்ந்தது. மதியத்துக்குப் பிறகு வருகிறவளுக்கு மட்டும் அப்போதுதான் கழுவிய டப்பி. அந்தத் தண்ணீரும் ஓவனில் ஆவியாகி, தோலின் ஈரமாகக் கணக்கில் ஏறியிருக்கிறது. தனம் லோடில் தண்ணீர் தெளித்தது நான்தான்.

முதலில் என் வாயில் வந்த வார்த்தை என்ன தெரியுமா? "மேரியம்மாதான் சார், துடைக்காம..." அதற்குள் மேரியம்மா வாசலில் வந்து நின்றுகொண்டு, "பளபளன்னு இருக்கணும்னு நீங்கதானே மேடம் சொன்னீங்க?" என்றார். எனக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

டப்பியை ஓவனில் காயவைத்து, ஆறவிட்டு, வெறுமனே நிறுத்து, அந்தப் பிடித் தோலைப் போட்டு மூன்று மணி நேரம் கழித்து எடுத்தேன். ஒன்பது சதவீதம். அப்பளம் மாதிரி காய்ந்திருந்த தோல்.

"சார், நீங்க போன்ல ஒரு வார்த்தை சொல்லிடுங்களேன், வரச் சொல்லி" என்றேன். அவர் தலையை ஆட்டினார், மாட்டேன் என்று. "நான் சொன்னா, முதலாளி பெரிய மனசு பண்ணி மன்னிச்ச மாதிரி ஆயிடும். அவங்க எந்தத் தப்பும் பண்ணலையே, மன்னிக்கிறதுக்கு? நீங்க போங்க. என் வண்டியை எடுத்துட்டுப் போங்க." அன்றைக்கு அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். திட்டாமல் வண்டியைக் கொடுத்தார். அவருக்கு நான் பட்ட கடன்களில் அது பெரியது.

மறுநாள் தனத்தின் களத்துக்குப் போய் நின்றேன். கடலைத் தோல் களம் முழுக்க அப்படியே பரந்து கிடந்தது. மேலே தார்ப்பாய்கூட இல்லை. வேலை செய்யும் பெண்கள் யாரும் இல்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன். டப்பி, மடிப்பு, தண்ணீர், என் சிவப்புப் பெயிண்ட் எல்லாம். கடைசியில், "தப்பு என்மேலதான் தனம். மன்னிச்சுக்கோங்க. உங்க பேரை மறுபடியும் எழுதிட்டேன்" என்றேன்.

"இத்த எங்கிட்ட வந்து சொல்லி இன்னா பிரயோசனம் மேடம்?" என்றாள். "எனக்குத்தான் தெரியுமே, நான் தெளிக்கலன்னு. எவன் முன்னாடி சொன்னீங்களோ அவன் முன்னாடி சொல்லுங்க. அந்த டிரைவருங்க ஊரெல்லாம் போறவனுங்க. மில்லுகாரரு வரைக்கும் போயிடுச்சு. இனிமே எனக்குத் தோலு குடுக்கறதா வேணாவான்னு யோசிச்சிகினு கீறாரு."

"சொல்றேன். எப்போ?"

"நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு எல்லா வண்டியும் கேட்ல நிக்கும்ல? லோடோட வரேன்."

அன்றிரவு நான் தூங்கவில்லை என்று சொன்னால் அது வழக்கமாகச் சொல்வது. நிஜத்தில் தூங்கினேன். எட்டு மணிக்குக் கேட்டில் பத்துப் பன்னிரண்டு வண்டி. பாதி பேர் அன்றைக்கு இருந்த அதே டிரைவர்கள். தனம் வண்டியை விட்டு இறங்கிச் சும்மா நின்றாள். நான் ஒரு டப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, "மூணு நாள் முன்னாடி இங்க நின்னு, தனம் தண்ணி தெளிச்சாங்கன்னு சொன்னேன். அவங்க தெளிக்கல. என் டப்பியிலதான் தண்ணி இருந்தது. தப்பு என்னுது" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை போலிருந்தது. பின்னால் இருந்து ஒருவன், "கேக்கல மேடம்!" என்றான். இன்னொரு முறை, சத்தமாகச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்த டிரைவர் மட்டும் தனத்தைப் பார்த்து, "சாரிக்கா" என்றான்.

"சரி, டெஸ்ட் பண்ணுங்க" என்றாள் தனம்.

ஏழு இடத்தில் குழாயைக் குத்தினேன். வெறும் டப்பியை அவள் கண் முன்னாலேயே நிறுத்தேன். நாற்பது. ஐம்பது கிராம் போட்டு ஓவனில் வைத்தேன். அவள் போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டாள். மேரியம்மா கொண்டுபோய்க் கொடுத்த டீயைக் குடித்தாள். பதினோரு மணிக்கு மேல் டப்பியை எடுத்து, ஆறவைத்து நிறுத்தேன்.

பதினான்கு.

நான் தராசை அணைத்து மறுபடி போட்டேன். டப்பியின் மடிப்பில் விரலை விட்டுப் பார்த்தேன். உலர்ந்துதான் இருந்தது. மறுபடி நிறுத்தேன். பதினான்கேதான். யோசித்தால் காரணம் புரிந்தது. கேட்டிலிருந்து போன கோபத்தில் தோலை மூடாமல் போட்டுவிட்டாள். ராத்திரிப் பனி முழுக்க அதன்மேல் இறங்கியிருக்கிறது. எட்டு மணிக்கு வர வேண்டும் என்பதற்காக வெயில் வருவதற்கு முன்பே அள்ளி ஏற்றியிருக்கிறாள்.

பன்னிரண்டு என்று எழுதினால் யாருக்கும் தெரியாது. அந்த ஒரு லோடை உலர்ந்த மரத்தூளோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து ஓட்டிவிடலாம். நான் செய்த அநியாயத்துக்கு அவளுக்கு இது ஒரு ஈடு என்றும் மனசு சொல்லிற்று. பேனாவை எடுத்தும்விட்டேன். அருள் உள்ளே பிரஸ் பக்கத்தில் நின்று பேரிங்குக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. பதினான்கு என்று எழுதினேன். சீட்டை எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போனேன்.

"தனம், பதினாலு இருக்கு" என்றேன்.

அவளுடைய டிரைவர், "மறுபடியுமா!" என்று குதித்தான். தனம் அவனைக் கையமர்த்தினாள். எழுந்து வண்டிச் சக்கரத்தில் கால் வைத்து ஏறி, தோலுக்குள் முழங்கை வரை கையை விட்டு ஒரு பிடி அள்ளினாள். கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.

"ஆமா" என்றாள். "ஏத்தும்போதே கைக்குத் தெரிஞ்சுது. நீங்க இன்னா சொல்லுவீங்கன்னு பாக்கலாம்னுதான் ஒக்காந்துகினு இருந்தேன்." பிறகு டிரைவரிடம், "வண்டியத் திருப்பு" என்றாள்.

மறுநாள் மதியம் அதே லோடு வந்தது. ஒன்பதரை. உள்ளே விட்டேன். அதற்குப் பிறகு நான் ஓய்வு பெறும் வரை எத்தனையோ முறை அவள் வந்திருக்கிறாள், சில முறை நான் திருப்பியும் அனுப்பியிருக்கிறேன். நான் கொடுக்கும் சீட்டை வாங்கி, என்ன எழுதியிருக்கிறது என்று பிரித்துக்கூடப் பார்க்காமல், மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, "உள்ளயா, வெளியவா?" என்று என் வாயைத்தான் பார்ப்பாள்.